பை கட்டி வைப்பது அவிசுவாசமா?

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு சகோதரி கொப்பித் தாளில் ஐந்து பக்கம் எழுதியிருக்கிறார். பெயர், தோட்டம், ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய சில விபரங்களை மாற்றிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 48. இருபத்தாறு வருடமாகக் கொழுந்து பறிக்கிறார். கணவருக்கு 52. ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை செய்தவர். மூன்று வருடத்துக்கு முன்னால் அந்த வேலை போய்விட்டது. மகள் கொழும்பில் கார்மண்ட்ஸில் இருக்கிறார். மகனுக்குப் பதினொரு வயது. தாத்தா காலத்திலிருந்தே கிறிஸ்தவக் குடும்பம். கணவர் மட்டும் இரண்டு வருடமாக டவுனிலுள்ள ஒரு ஜெப வீட்டுக்குப் போய்வருகிறார்.

அவர்கள் குடியிருக்கும் லயத்துக்கு, அந்த வரிசை வீடுகளுக்கு, பின்னால் உள்ள மேட்டில் வெடிப்பு விட்டிருக்கிறது. அதிகாரிகள் வந்து பார்த்து, பெருமழை வந்தால் வெளியேற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றே சகோதரி ஒரு பையைக் கட்டிக் கதவுப் பக்கம் வைத்தார். அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள், கிளினிக் கொப்பி, டோர்ச், ஒரு மாற்றுடுப்பு, பிஸ்கட் பக்கற் இரண்டு. மே மாத மழையில் ஒரு நாள் இரவு பத்து மணிக்கு மகனைக் கூட்டிக்கொண்டு, பையோடு பாடசாலைக்குப் போய்விட்டார். கணவர் வரவில்லை. கட்டிலில் உட்கார்ந்து 91ஆம் சங்கீதம் வாசித்துக்கொண்டிருந்தாராம். மேடு சரியவில்லை.

அடுத்த ஞாயிறு ஜெப வீட்டில் கணவர் மைக்கைப் பிடித்துச் சாட்சி சொன்னார். “என் வீட்டுக்காரி பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நான் கர்த்தரைப் பிடித்துக்கொண்டேன்.” எல்லாரும் கை தட்டினார்கள். அன்று மகனோடு கூடப் போயிருந்த சகோதரி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் கணவர் பையை அவிழ்த்து, ஒவ்வொன்றாக அலமாரியில் அடுக்கினார். அந்த மாதமே சீனி வியாதிக்கு (நீரிழிவுக்கு) எடுத்த மாத்திரையையும் நிறுத்திவிட்டார். வெள்ளிக்கிழமைகளில் உபவாசம் வேறு. மனைவிக்கு 50 வயதாகும்போது கிடைக்கப்போகும் சேமலாப நிதியில் ஒரு பங்கை ஜெப வீட்டுக் கட்டடத்துக்குத் தருவதாக இப்போதே வாக்குக் கொடுத்திருக்கிறார்.

சகோதரி கேட்பது: “அன்றைக்கு ராத்திரி நான் ஓடியது விசுவாசக் குறைவா? அடுத்த மழைக்கு நான் என்ன செய்ய? மாத்திரையைத் தூளாக்கி அவருடைய தேத்தண்ணியில் கலந்து கொடுக்கலாமா?”

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் கேள்விக்கு முதலில் பதில். இல்லை. அன்றைக்கு ராத்திரி நீங்கள் செய்தது சரி. அடுத்த மழைக்கும் அதையே செய்யுங்கள்.

இனி ஆறுதலாகப் பேசுவோம்.

நீங்கள் ஐந்து பக்கம் எழுதியிருந்தாலும் உங்களை வருத்துவது மேட்டு வெடிப்பு இல்லை, அந்தக் கைதட்டல்தான் என்று எனக்குப் படுகிறது. மண்சரிவைப் பற்றி அரைப் பக்கம். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி இரண்டு பக்கம். யார் யார் திரும்பிப் பார்த்தார்கள், மகன் எப்படிக் குனிந்துகொண்டான் என்பது வரை எழுதியிருக்கிறீர்கள். அத்தனை பேருக்கு முன்னால் கட்டின புருஷனே சிறுமைப்படுத்தினால் வலிக்கத்தான் செய்யும். அந்த வலியை விசுவாசக் குறைவு என்று நினைத்து அதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அது வேண்டாம்.

அந்தச் சங்கீதமும் அந்த இரவும்

91ஆம் சங்கீதம் நம் தோட்டங்களில் பாதி வீடுகளின் கதவுக்கு மேல் தொங்குகிறது. என் அம்மாவும் கொழுந்து பறித்தவர்தான். காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போகுமுன் அதைச் சொல்லிவிட்டுத்தான் தலையில் கொங்காணியைப் போடுவார். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் சுவிசேஷத்தில் அந்தச் சங்கீதத்தை எடுத்துச் சொல்வது யார் என்று உங்கள் வீட்டுக்காரரிடம் ஒரு நல்ல நேரம் பார்த்துக் கேளுங்கள். மத்தேயு நாலாம் அதிகாரம். இயேசுவைத் தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி, “குதி, தூதர்கள் தாங்குவார்கள்” என்று இதே சங்கீதத்தைச் சொன்னது பிசாசு. இயேசு குதிக்கவில்லை. தேவனைப் பரீட்சை பார்க்கக் கூடாது என்றார். வசனம் ஒன்றுதான். அதை ஆபத்தில் மாட்டிக்கொண்டவர் சொல்வது ஜெபம். ஆபத்திலிருந்து எழுந்து போகக் கூடியவர் உட்கார்ந்துகொண்டு சொன்னால், கர்த்தரையே பரீட்சை மண்டபத்தில் உட்கார வைத்த மாதிரி.

அதே மத்தேயுவில் இரண்டு அதிகாரம் முன்னால் போனால் யோசேப்பு இருக்கிறார். ஏரோது பிள்ளையைத் தேடுகிறான் என்று சொப்பனத்தில் எச்சரிக்கை வந்தது. அவர் பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு அந்த இரவிலேயே எகிப்துக்குப் புறப்பட்டார். தேவனுடைய பிள்ளைக்கு என்ன வந்துவிடும் என்று அவர் தூங்கப் போகவில்லை. நீங்களும் ராத்திரி பத்து மணிக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டவர்தானே.

இன்னொன்று. மேடு சரியவில்லை என்பதால் எச்சரிக்கை பொய் என்று அவர் நினைக்கிறார். உங்களுக்கும் உள்ளுக்குள் அந்தச் சந்தேகம் இருக்கிறது. “வீணாகப் போய்விட்டேனோ” என்று எழுதியிருக்கிறீர்கள். கொஸ்லந்தை மீரியபெத்தை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2014 ஒக்டோபர் 29, காலை நேரம், மேடு சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். இடையில் எத்தனை மழை வந்து, ஒன்றும் நடக்காமல் போயிருக்கும்! ஒவ்வொரு மழையும் “பார்த்தாயா, ஒன்றும் ஆகவில்லை” என்றுதான் சொல்லிவிட்டுப் போயிருக்கும். (போக இடம் காட்டாமல், காணி கொடுக்காமல், போ என்று மட்டும் சொன்னால் அந்தச் சனம் எங்கே போகும் என்பது வேறு கேள்வி. அதற்கு ஜெப வீடு பதில் சொல்ல முடியாது, அரசாங்கமும் கம்பனிகளும்தான் சொல்ல வேண்டும்.) 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயலோடு வந்த மழை கண்டி, நுவரெலியா, பதுளைப் பக்கம் என்ன செய்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இவற்றில் செத்துப்போனவர்களில் ஜெபம் பண்ணாதவர்கள் எத்தனை பேர்? உங்கள் வீட்டுக்காரரின் சாட்சியை அதன் கடைசி வரைக்கும் கொண்டுபோனால், மண்ணுக்குள் போனவர்களுக்கெல்லாம் விசுவாசம் இல்லை என்று முடியும். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று இயேசு கேட்டார். இல்லை என்று தானே பதிலும் சொன்னார். உங்கள் வீட்டுக்காரர் அப்படி நினைத்துச் சொல்லியிருக்க மாட்டார், எனக்குத் தெரியும். ஆனால் அந்த மண்டபத்தில் மீரியபெத்தையில் ஆளைப் பறிகொடுத்த யாராவது உட்கார்ந்திருந்தால் அவருடைய காதில் எப்படி விழுந்திருக்கும்?

கிருபை என்ற சொல்லை உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் பார்த்தேன். “எனக்குக் கிருபை கிடைக்குமா” என்று. சகோதரி, கிருபை என்பது கொழுந்தின் கிலோக் கணக்குப் பார்த்து நாள் சம்பளத்துக்குப் பேர் போடுகிற விஷயமில்லை. வெடித்த மேட்டுக்குக் கீழே எத்தனை மணி நேரம் உட்கார்ந்தீர்கள் என்று நிறுத்துப் பார்த்து, குறைந்தால் அரைப் பேர் போடுகிற கணக்கப்பிள்ளை அல்ல ஆண்டவர். பாடசாலை வகுப்பறையில் வாங்கை ஒட்டிப் போட்டு மகனைப் படுக்க வைத்தீர்களே, அங்கேயும் அவர் இருந்தார்.

ஆயத்தம் என்றால்

கர்த்தருடைய வருகைக்கு ஆயத்தமாக இருப்பவர்களுக்குப் பை எதற்கு என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். மணவாளனை எதிர்கொள்ள விளக்கோடு போன பத்துக் கன்னிகைகள் கதையைச் சொல்லித்தான் கேட்டாராம். அந்தக் கதையில் பலர் கவனிக்காத ஒரு வரி உண்டு: மணவாளன் வரத் தாமதித்தபோது பத்துப் பேருமே தூங்கிவிட்டார்கள். புத்தியுள்ள ஐந்து பேரும்தான். அவர்களை யாரும் குறை சொல்லவில்லை. பாத்திரத்தில் எண்ணெய் இருந்ததால் நிம்மதியாகத் தூங்கினார்கள், அவ்வளவுதான். நீங்களும் பை கட்டி வைத்திருந்த நாட்களில் நன்றாகத் தூங்கினேன், அவிழ்த்த பிறகு தகரத்தில் ஒரு துளி விழுந்தாலும் எழும்பி உட்காருகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பயத்தினால் கட்டிய பை என்று அவர் சொல்கிறார். உங்கள் தூக்கம் வேறு கதை சொல்கிறது.

மகனை அழைத்துக்கொண்டு போக உங்களுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. தன் உயிரைப் பற்றி அவர் முடிவெடுக்கலாம். பதினொரு வயதுப் பிள்ளையின் உயிரை வைத்துச் சாட்சி தேட முடியாது. அவர் கை நீட்டியதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. ஆனால் மழை இரவில் கதவை மறித்துக்கொண்டு நின்றால் வாக்குவாதம் வேண்டாம், சத்தம் போட்டுப் பக்கத்துக் காம்பராக்காரர்களைக் கூப்பிடுங்கள். வீட்டுக்குள் ஆபத்து என்று தோன்றினால் பெண்களுக்கு 1938, பிள்ளைகளுக்கு 1929. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. மூன்றையும் மகனுடைய கொப்பி மட்டையில் எழுதி வையுங்கள்.

அப்புறம், அதிகாரிகள் வாயால் சொல்லிவிட்டுப் போனார்கள் என்கிறீர்கள். அது போதாது. கிராம உத்தியோகத்தரிடம் போய், உங்கள் லயத்தைப் பற்றிய பரிந்துரையை எழுத்தில் கேளுங்கள், தமிழில் கேளுங்கள். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. நாளைக்கு மாற்று வீடு, காணி என்று பேச்சு வரும்போது கையில் கடதாசி இருப்பவர்தான் வரிசையில் முன்னால் நிற்பார். தனியாகப் போகாமல் லயத்தில் நாலைந்து குடும்பமாகச் சேர்ந்து போங்கள்.

மாத்திரையைக் கலக்க வேண்டாம்

இதில் நான் கண்டிப்பாகச் சொல்கிறேன். தேத்தண்ணியில் கலந்து கொடுக்காதீர்கள்.

நான் வைத்தியர் அல்ல. ஆனால் கிளினிக்கில் பல வருடம் வைத்தியர்களோடு உட்கார்ந்து வேலை பார்த்தவள். சில வகைச் சீனி மாத்திரைகள் வெறும் வயிற்றில் சீனியை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். வெள்ளிக்கிழமை அவர் உபவாசம். நீங்கள் காலையில் தேத்தண்ணியில் கலந்து கொடுத்துவிட்டு மலைக்குப் போய்விட்டீர்கள். பத்து மணிக்கு அவருக்கு வியர்க்கிறது, கை நடுங்குகிறது, பேச்சுக் குழறுகிறது. பக்கத்தில் ஆள் இல்லை. இருந்தாலும் மாத்திரை உள்ளே போனது யாருக்கும் தெரியாது. மயக்கமாகிவிட்டால் 1990க்கு அடித்து அம்புலன்சைக் கூப்பிட வேண்டிய நிலை. அதற்கு மேல், விஷயம் ஒரு நாள் தெரியவரும். அதற்குப் பிறகு நீங்கள் கொடுக்கும் ஒரு வாய் சோற்றையும் அவர் நம்ப மாட்டார்.

அதற்காக விட்டுவிடவும் சொல்லவில்லை. மாத்திரையை நிறுத்தி இரண்டு மாதமாகியும் அவர் நன்றாகத்தானே இருக்கிறார் என்று உங்களுக்கே ஒரு குழப்பம். சீனி அப்படித்தான். கண்ணையும் சிறுநீரகத்தையும் கால் நரம்பையும் சத்தமில்லாமல் அரிக்கும். ஆளுக்கு ஒன்றும் தெரியாது. காலில் காயம் ஆறாமல் கிடக்கிறதா, இரவில் அடிக்கடி எழும்பிச் சிறுநீர் கழிக்கப் போகிறாரா என்று கவனியுங்கள்.

அவரிடம் பேசும்போது “மாத்திரையைப் போடுங்கள்” என்று தொடங்காமல் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: “சுகம் கிடைத்ததென்றால் இரத்தத்தைப் பரிசோதித்துப் பார்ப்போமா?” குஷ்டரோகியைச் சுகமாக்கிய பிறகு, போய் ஆசாரியனிடம் காட்டு என்றுதான் இயேசு அனுப்பினார். அந்தக் காலத்தில் தோலைப் பார்த்து, சுகமா இல்லையா என்று முடிவு சொன்னவர் ஆசாரியன்தான். இன்றைய கிளினிக் மாதிரி. சுகம் கிடைத்தவர் பரிசோதனைக்குப் பயப்படத் தேவையில்லையே. அரசாங்க வைத்தியசாலைக் கிளினிக்கில் காசும் இல்லை. உபவாசம் இருக்கிறார் என்பதையும் வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மாத்திரை வகையையும் நேரத்தையும் மாற்றித் தருவது அவர்களுக்குப் புதிய விஷயமில்லை. “அன்றன்றுள்ள அப்பம்” என்று தினமும் ஜெபிக்கிறோம். அன்றன்றுள்ள மாத்திரையையும் அந்தத் தட்டிலேயே வைத்து ஸ்தோத்திரம் சொல்லிச் சாப்பிட்டால் என்ன?

பாஸ்டர்தான் நிறுத்தச் சொன்னார் என்று இரண்டாம் பக்கத்தில் கோபமாக எழுதியிருக்கிறீர்கள். நாலாம் பக்கத்தில் அவருடைய வார்த்தைகளை எழுதியிருக்கிறீர்கள்: “கர்த்தர் சுகம் தந்தார் என்று நம்புங்கள்.” இதில் நிறுத்து என்ற சொல் இல்லை. ஒருவேளை அது உங்கள் வீட்டுக்காரர் எடுத்துக்கொண்ட அர்த்தமாக இருக்கலாம். ஊகித்துக்கொண்டிராமல், சபையில் மூத்தவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாஸ்டரிடமே நேராகக் கேளுங்கள். “நான் அப்படிச் சொல்லவில்லை” என்றால், அதை அவர் வாயாலேயே உங்கள் கணவரிடம் சொல்ல வையுங்கள். அதைவிட நல்ல மருந்து கிடையாது. “ஆமாம், சொன்னேன்” என்றால், தனக்கு உரிமையில்லாத வேலையை அவர் செய்கிறார். கிளினிக் வைத்தியரிடம் அதையும் சொல்லிவிடுங்கள்.

காசு

இது சின்ன விஷயம். சேமலாப நிதி உங்கள் பெயரில், உங்கள் கைநாட்டோ கையெழுத்தோ இல்லாமல் அசையாது. உங்கள் சம்பளத்திலிருந்து 8 வீதம், தோட்டம் போடுவது 12 வீதம். இருபத்தாறு வருட வியர்வை. அவர் கொடுத்த வாக்கு உங்களைக் கட்டாது. மனதார நீங்கள் ஏதாவது கொடுக்க விரும்பினால் அப்போது கொடுங்கள். கட்டாயத்தில் கொடுக்கும் காணிக்கையைப் பவுலே வேண்டாம் என்றிருக்கிறார். இப்போது எந்தப் படிவத்திலும் வெறுமனே கையெழுத்துப் போடாதீர்கள். போதும்.

அவருக்கு ஒரு வேலை

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்த வரி இது: “வேலை போனதற்குப் பிறகு தோட்டத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. அங்கேதான் பிரதர் என்கிறார்கள்.” நீங்களே எழுதியதுதான், ஆனால் கடந்து போய்விட்டீர்கள். அந்த மைக்கும் கைதட்டலும் மூன்று வருடத்துக்குப் பிறகு அவருக்குக் கிடைத்த மரியாதை. அதை விட்டுக்கொடுக்கச் சொன்னால் எந்த ஆம்பிளையும் கேட்க மாட்டான். அதனால்தான் வசனத்துக்கு வசனம் சண்டை போட வேண்டாம் என்கிறேன். நானே ஆரம்ப காலத்தில் ஒரு குடும்பத்துக் கணவரை அப்படி வாதத்தில் மடக்கியிருக்கிறேன். அவர் வாயடைத்துப்போனார். அடுத்த கிழமையிலிருந்து அந்தக் குடும்பமே என்னிடம் வரவில்லை. மேலே நான் எழுதிய வசனங்களும் உங்கள் மனச்சாட்சிக்காகத்தான். ஒன்றிரண்டை மட்டும், அவர் நல்ல மனநிலையில் இருக்கும்போது, கேள்வியாகக் கேளுங்கள். மகனுக்கு முன்னால் வேண்டாம்.

அதற்குப் பதிலாக அவரிடம் ஒரு பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள். எசேக்கியேல் 33இல் காவற்காரன் ஒருவன் வருகிறான். ஆபத்து வருவதைக் கண்டால் எக்காளம் ஊத வேண்டியது அவன் வேலை. உங்கள் லயத்துக்கு அப்படி ஒரு ஆள் இல்லை. பக்கம் நேரான ஒரு பிளாஸ்டிக் போத்தலை மேலே வெட்டி, வெட்டிய பாகத்தைக் கவிழ்த்துப் புனல் மாதிரி வைத்து, வெளியே ஓர் அடிமட்டத்தை ஒட்டினால் மழைமானி ஆயிற்று. அடி மேடு பள்ளமாக இருந்தால் கூழாங்கல் போட்டு, பூச்சியக் கோடு வரைக்கும் தண்ணீர் ஊற்றிவிட வேண்டும். கூரையும் மரமும் மறைக்காத இடத்தில் நட வேண்டும். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் எல்லாரும் விழிப்பு, 100 என்றால் தயார், 150 என்றால் வெளியேறுவது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பார்க்கும் அளவும் இதுதான். போத்தல் நிரம்பட்டும் என்று காத்திருக்கக் கூடாத நேரமும் உண்டு. வெடிப்பு அகலமானால், மரம் சாய்ந்தால், புதிதாக ஊற்றுக் கிளம்பினால், பீலித் தண்ணீர் திடீரென்று கலங்கினால் அல்லது நின்றுபோனால், உடனே கிளம்ப வேண்டியதுதான்.

ஸ்டோரில் இத்தனை வருடம் சூடு, ஈரம், நேரம் என்று அளவு பார்த்து வேலை செய்தவருக்கு இது கைவந்த வேலை. காலையும் மாலையும் கொப்பியில் குறித்து, லயத்தில் பன்னிரண்டு வீட்டுக்கும் அவரே சொல்லட்டும். கதவைத் தட்டி “கிளம்புங்கள்” என்று சொல்ல வேண்டியவர் அவராகவே இருந்தால், கட்டிலில் உட்கார்ந்திருக்க முடியாது. பலிக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். ஒரு மாதம் முயன்று பாருங்கள். அவர் மறுத்தாலும் போத்தலை மகனும் நீங்களும் வையுங்கள்.

பையை மறுபடி கட்டுங்கள். இந்த முறை ஒளித்துக் கட்ட வேண்டாம், அவருக்குத் தெரியவே கட்டுங்கள். அவருடைய அடையாள அட்டையும் ஒரு சேர்ட்டும் இரண்டு கிழமைக்கான மாத்திரையும் அதில் இருக்கட்டும். அவருடைய வேதாகமத்துக்கும் இடம் விடுங்கள். கதவுக்குப் பின்னால் குடை தொங்குகிற ஆணி இருக்கும் அல்லவா, அதற்குப் பக்கத்தில் மாட்டுங்கள்.

கடைசிப் பக்கத்து ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒன்று கேட்டிருந்தீர்கள். மகன் தன் ஓட்டப்போட்டிப் பதக்கத்தைப் பையில் வைத்தான், இடம் போதாதென்று நான் வெளியே எடுத்துவிட்டேன், அன்றிலிருந்து முகத்தைத் தூக்கிவைத்திருக்கிறான் என்று. திரும்ப வைத்துவிடுங்கள். பிஸ்கட் பக்கற்றுக்குக் கீழே இடம் இருக்கும்.